நேரில் போய்ப் பார்த்தீங்களா?

எழுதி ரொம்ப நாளாச்சு. மார்ச் குளோசிங், அது முடிந்தால் இன்ஸ்பெக்ஷன், அது முடிந்தால் ஆடிட் என்று ஆணி ஒன்றா இரண்டா... ஜோத்பூரில் இருக்கும் பேங்க்காரனுக்கு ஒட்டகம் மேய்ப்பவனை விட ஓய்வு குறைவு. சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறை வானத்தைப் பற்றி. பி.காம். படித்தவனுக்கு வானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு: எனக்கும் அதே சந்தேகம்தான் :)

எல்லாம் என் பெண்ணால் வந்தது. பத்தாம் வகுப்பு. வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில் முன்பு திருச்செந்தூர் கோபுரம் இருந்தது. ஒருநாள் பார்த்தால் கோபுரத்தைக் காணோம். கருப்பில் ஒரு பெரிய சுழல். நடுவில் ஒரு நீளமான பட்டை, அதன் இரு முனையிலிருந்தும் இரண்டு கைகள் வளைந்து போகின்றன. புல்வெளியில் தண்ணீர் தெளிக்கச் சுற்றும் குழாய் இருக்குமே, அதை மேலிருந்து பார்த்த மாதிரி.

"என்னம்மா இது?"

"என்ஜிசி 1365. பட்டைச் சுருள் கேலக்ஸி. அஞ்சரை கோடி ஒளியாண்டுக்கு மேல தள்ளி இருக்கு."

மேலே படித்துப் பார்த்து அவளுக்கு விளக்கம் சொல்லும் அப்பாவாக இருக்க ஆசைப்பட்டு, அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். காலையில் காபியோடு ஆரம்பித்தேன். சரியாகச் சொன்னால் 5.6 கோடி ஒளியாண்டு, ஒளி வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும், அந்த வேகத்தில் 5.6 கோடி வருடம்... அவள் பிரெட்டில் ஜாம் தடவிக்கொண்டே கேட்டாள்.

"இன்னொரு இடத்துல ஆறு கோடின்னு போட்டிருக்காங்க. எதுப்பா சரி? எப்படித் தெரியும்? நேர்ல போய்ப் பார்த்தீங்களா?"

தங்கமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்குக் காபி தொண்டையில் நின்றது. கிண்டலுக்குக் கேட்ட கேள்விதான். ஆனால் அதே கேள்வியை ஒன்பது வருடத்துக்கு முன்னால் வேறொருவர் என்னிடம் கேட்டிருக்கிறார், ஆங்கிலத்தில், டைப் அடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு. அது என் மகளுக்குத் தெரியாது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்துகிறேன்.

தமிழ்நாட்டில் ஒரு சின்ன ஊர்க் கிளையில் அப்போது நான் லோன் பார்த்துக்கொண்டிருந்தேன். விசைத்தறிக் கூடம் வைக்க ஒருவர் கடன் கேட்டு வந்தார். ஈடாக நிலம். மார்ச் மாதம், டார்கெட் கழுத்தைப் பிடிக்கிறது. எங்கள் கிளையில் அந்தத் தொகைக்கு இரண்டு மதிப்பீட்டாளர் வேண்டும் என்பது வழக்கம். இரண்டு பேரும் ரிப்போர்ட் கொடுத்தார்கள். முதல் ஆள் 62,40,000 ரூபாய் என்றார். இரண்டாமவரும் 62,40,000 ரூபாய் என்றார். ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லை. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இரண்டு பேர் சொல்வதும் அச்சு அசலாக ஒத்துப்போகிறது, இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? கிளையிலிருந்து பதினோரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்த அந்த இடத்துக்கு நான் போகவில்லை. 'நேரில் பார்வையிட்ட தேதி' என்ற கட்டத்தில் ஒரு தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு கணக்கு வாராக்கடன் ஆனது. போய்ப் பார்த்தால், அவர்கள் காட்டியது ரோட்டோர நிலம். பத்திரத்தில் இருந்த சர்வே நம்பர் இரண்டு கிலோமீட்டர் உள்ளே, பாதை இல்லாத ஒரு கல்குழி. இரண்டாம் மதிப்பீட்டாளர் முதல் ஆளின் ரிப்போர்ட்டைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார். 2016-ல் சார்ஜ் ஷீட். விசாரணை அதிகாரி கேட்ட முதல் கேள்வி அதுதான். இரண்டு இன்க்ரிமெண்ட் போனது. 2017-ல் ராஜஸ்தான். பணம் ஒரு பைசா வாங்கவில்லை என்பது ரிக்கார்டில் இருக்கிறது. ஆனாலும் பொய்த் தேதி எழுதியது நான்தானே. மகளுக்கு அப்போது ஏழு வயது. 'அப்பாவுக்கு டிரான்ஸ்பர்' என்று சொன்னோம். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அம்மாவுக்கு இன்றுவரை அது புரமோஷன் டிரான்ஸ்பர். (ஊர்க்காரர்கள் யாராவது படித்தால் தயவுசெய்து வீட்டுப் பக்கம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.)

அதனால்தான் '5.6 கோடியா 6 கோடியா' என்பது எனக்கு வெறும் வானியல் கேள்வியாக இல்லை. வித்தியாசம் 40 லட்சம் ஒளியாண்டு! நமக்குப் பக்கத்துப் பெரிய கேலக்ஸியான ஆண்ட்ரோமீடாவே சுமார் 25 லட்சம் ஒளியாண்டில்தான் இருக்கிறது. அதைவிடப் பெரிய தொகை இரண்டு புத்தகத்துக்கு நடுவில் டேலி ஆகாமல் நிற்கிறது. எந்த ஆடிட்டர் விடுவார்? இரண்டு மாதம் ராத்திரியில் இதையே படித்தேன்.

முதலில் இதைக் கண்டுபிடித்தவரின் கதை. ஜேம்ஸ் டன்லப். ஸ்காட்லாந்தில் ஒரு நெசவாளியின் மகன், நூல் ஆலையில் வேலை பார்த்தவர். இயந்திரங்களில் கை நன்றாக ஓடும். ஆஸ்திரேலியாவுக்குக் கவர்னராகப் போன தாமஸ் பிரிஸ்பேனோடு, அவருடைய தொலைநோக்கிகளைப் பார்த்துக்கொள்ளக் கப்பல் ஏறினார். பாரமட்டாவில் வேலை. பிரிஸ்பேன் ஊர் திரும்பிய பிறகும் டன்லப் அங்கே தங்கி, தானே செய்த ஒன்பது அங்குலத் தொலைநோக்கியால் 1826-ல் தெற்கு வானத்தைத் துழாவினார். அப்போது சிக்கியதுதான் இந்த என்ஜிசி 1365.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கேலக்ஸி டன்லப்பின் சொந்த ஊரில் தொடுவானத்துக்கு மேலே வரவே வராது. அவ்வளவு தெற்கே இருக்கிறது. பாரமட்டாவிலோ கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலே போகும். ஊரிலேயே தறிக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் ஆயுசுக்கும் இதைப் பார்த்திருக்க மாட்டார்.

அவர் 629 பொருட்களைப் பட்டியல் போட்டு 1828-ல் வெளியிட்டார். லண்டனில் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். பிறகு வந்தார் ஆடிட்டர். ஜான் ஹெர்ஷல், தென்னாப்பிரிக்காவில் 1834 முதல் 1838 வரை தங்கி, பெரிய தொலைநோக்கியால் தெற்கு வானத்தைச் சரிபார்த்தார். டன்லப்பின் 629-ல் அவருக்கு 211-தான் அகப்பட்டது. மீதி 418 என்ட்ரிக்கு வவுச்சர் இல்லை! பல இடங்களில் மங்கலான இரட்டை நட்சத்திரத்தை மேகம் என்று எழுதியிருக்கிறார், சிலவற்றில் இடக்குறிப்பு தவறு. டன்லப்பின் பெயர் கெட்டது. பின்னாளில் பொறுமையாக ஆராய்ந்தவர்கள் இன்னும் நிறையவற்றை அடையாளம் கண்டு, ஏறக்குறையப் பாதி சரி என்கிற அளவுக்கு மீட்டிருக்கிறார்கள். அந்தப் பகுதியைப் படித்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. என்ன இருந்தாலும் அந்த மனுஷன் தன் கண்ணால் பார்த்ததை எழுதித் தப்பினார். நான் பார்க்காமலே எழுதினேன்.

சரி, தூரத்தை எப்படி அளந்தார்கள்?

எங்கள் ஊர்க் கொடை விழாவில் பெட்ரோமாக்ஸ் தூக்கிக்கொண்டு வருவார்கள். எல்லா விளக்கும் ஒரே வெளிச்சம் என்று தெரிந்தால், ஒன்று மங்கலாகத் தெரிந்தால் அது தூரத்தில் வருகிறது என்று அர்த்தம். இரண்டு மடங்கு தூரம் என்றால் நாலில் ஒரு பங்கு வெளிச்சம். கணக்கு அவ்வளவுதான். ஆனால் நட்சத்திரத்தில் எது எத்தனை வாட் என்று யார் எழுதி வைத்தார்கள்?

எழுதி வைத்தவர் ஒரு பெண்மணி. ஹென்ரியட்டா லெவிட். ஹார்வர்ட் வானாய்வகத்தில் கண்ணாடித் தகட்டுப் படங்களில் நட்சத்திரங்களை எண்ணிக் குறிக்கும் வேலை. நம்ம லெட்ஜர் கிளார்க் மாதிரி. சம்பளம் மணிக்கு 30 சென்ட். சீஃபீட் என்ற வகை நட்சத்திரங்கள் சீரான கால இடைவெளியில் கூடிக் குறைந்து மின்னும். சிறிய மெகல்லன் மேகத்தில் உள்ள 25 நட்சத்திரங்களை வைத்து அவர் கண்டது: எது மெதுவாக மின்னுகிறதோ அது உண்மையில் அதிக வெளிச்சமானது. துடிப்பை அளந்தால் போதும், வாட் தெரிந்துவிடும். 1912-ல் அந்த அறிக்கை வெளிவந்தபோது கீழே கையெழுத்து டைரக்டர் பிக்கரிங்குடையது. 'இது மிஸ் லெவிட் தயாரித்தது' என்று முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். எத்தனை மேனேஜர்கள் இதைச் செய்வார்கள் சொல்லுங்கள்.

1990-களில் ஹபிள் தொலைநோக்கியை என்ஜிசி 1365 பக்கம் திருப்பினார்கள். பன்னிரண்டு தடவை படம் எடுத்து, அதில் ஐம்பதுக்கு மேற்பட்ட சீஃபீட்களைப் பிடித்தார்கள். இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை துடிப்புள்ளவை. எடுத்த படங்களை இரண்டு தனித்தனி மென்பொருளில் தனித்தனியாக அளந்தார்கள். 1999-ல் வெளியான விடை: சுமார் 6 கோடி ஒளியாண்டு. கூடவே, 'இதில் 55 லட்சம் ஒளியாண்டு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகலாம்' என்று அவர்களே எழுதிவிட்டார்கள்! 5.6 கோடி அந்த வரம்புக்குள் வந்துவிடுகிறது. 2018-ல் வேறொரு குழு, சீஃபீட்டைத் தொடாமல், முதிய செம்பெரு நட்சத்திரங்களின் உச்ச வெளிச்சத்தை வைத்து அளந்தது. விடை 5.9 கோடி. அளந்த விதம் வேறு, நட்சத்திரம் வேறு, ஆட்கள் வேறு. அடிப்படையில் பக்கத்துக் கேலக்ஸிகளின் தூரம் என்ற ஒரு படி மட்டும் இரண்டுக்கும் பொது. விடைகள் கிட்டத்தில் வந்து நிற்கின்றன, ஆனால் அச்சு அசலாக ஒத்துப்போகவில்லை.

இந்த வரியைப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 62,40,000, 62,40,000. அந்த ஒற்றுமைதான் என்னை உஷார்ப்படுத்தியிருக்க வேண்டும். இரண்டு பேர் உண்மையிலேயே தனித்தனியாகப் போய் ஒரு கரட்டு நிலத்தை மதிப்பிட்டிருந்தால் ஒருவர் 58 என்பார், இன்னொருவர் 65 என்பார். இது தெரிய எனக்கு ஒரு கேலக்ஸி வேண்டியிருந்தது.

இன்னொரு கணக்கும் இதில் உண்டு. இந்தக் கேலக்ஸியில் 1957, 1983, 2001, 2012 என்று நான்கு நட்சத்திர வெடிப்புகள் பார்த்திருக்கிறார்கள். 2012 அக்டோபரில் வெடித்தது ஒரு குறிப்பிட்ட ரகம். அந்த ரகம் ஏறக்குறைய ஒரே உச்ச வெளிச்சத்தில் வெடிக்கும். கேலக்ஸியின் தூரம் ஏற்கெனவே தெரிந்ததால், அந்த வெடிப்பின் வாட்டைக் கணக்கிட முடிந்தது. சீஃபீட் தெரியாத அளவுக்குத் தொலைவில் இருக்கும் கேலக்ஸிகளை அதை வைத்து அளக்கிறார்கள். அதாவது நம்ம என்ஜிசி 1365, தூரத்து ஆட்களுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறது.

பட்டையைப் பற்றிச் சொல்லவில்லையே. சுருள் கேலக்ஸிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு இப்படிப் பட்டை இருக்கிறது. நம் பால்வீதிக்கும் உண்டு. என்ஜிசி 1365 குறுக்கே சுமார் இரண்டு லட்சம் ஒளியாண்டு, பால்வீதியை விட நன்றாகப் பெரியது. ஒரு சுற்றுச் சுற்ற 35 கோடி வருடம் பிடிக்கிறது. பட்டை என்பது நட்சத்திரக் கூட்டம்தான், ஆனால் அதன் இழுப்பில் வாயுவும் தூசும் பட்டையோரமாகவே மையத்தை நோக்கி வழிகின்றன. எங்கள் பக்கம் தாமிரபரணியில் கன்னடியன் கால்வாய் தண்ணீரைத் திருப்பிக் கொண்டுபோகிற மாதிரி என்று மகளுக்குச் சொன்னேன். அவள் கால்வாயை மூன்று முறைதான் பார்த்திருக்கிறாள், அதிலும் ஒருமுறை தண்ணீர் இல்லை. வந்து சேரும் வாயு நடுவில் புது நட்சத்திரங்களாகிறது. 2023-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த படத்தில் தூசு இழைகள்கூடத் தெரிகின்றன. நட்ட நடுவில் சுமார் 20 லட்சம் சூரிய எடையுள்ள கருந்துளை. அது சுழலும் வேகம், இயற்கை அனுமதிக்கும் உச்ச வேகத்தில் குறைந்தது 84 சதவீதம் என்று 2013 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அதை எக்ஸ் கதிரில் அளந்த கதை தனிப் பதிவாகப் போகும், இங்கே வேண்டாம்.

டிசம்பரில் பள்ளி விடுமுறை. எங்கள் காலனியில் ஒரு பிசிக்ஸ் வாத்தியார் இருக்கிறார், மார்வாடி, எட்டு அங்குலத் தொலைநோக்கி வைத்திருக்கிறார். அதைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒசியான் பக்கம் மணல் மேட்டுக்குப் போனோம். தங்கமணி வரவில்லை; புளியோதரையும் மூன்று ஸ்வெட்டரும் கொடுத்துவிட்டாள். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். பத்து மணிக்கு அது தெற்கே உச்சிக்கு வரும் என்றார் வாத்தியார். வாத்தியாரின் உச்சி தொடுவானத்திலிருந்து வெறும் 27 டிகிரி. அரை மணி நேரம் தேடினார். "ஆயியே" என்று கூப்பிட்டார்.

குளிர் கண்ணாடியில் மூச்சு விட்டால் ஒரு படலம் வருமே, அவ்வளவுதான் தெரிந்தது. வால்பேப்பரை நினைத்துக்கொண்டு போனவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். "நேரா பார்க்காதீங்க, கொஞ்சம் ஓரமாப் பாருங்க" என்றார். ஓரமாகப் பார்த்தால் அந்தப் படலம் கொஞ்சம் நீண்டது. பட்டையாக இருக்கலாம். அல்லது என் ஆசையாக இருக்கலாம். டன்லப்புக்கு நேர்ந்தது இதுதான் என்று புரிந்தது.

மகள் ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஆச்சிக்குப் போன் போட்டாள். அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லையாம், மொட்டை மாடியில்தான் இருந்தாள்.

"ஏட்டி, இந்நேரத்துல எங்க நிக்கிய? உங்கப்பன் எங்க?"

"ஆச்சி, தெற்கால பாருங்க. ஒரு கேலக்ஸி இருக்கு. எங்களுக்கு இங்க கீழ இருக்கு, உங்களுக்கு நல்லா மேல, பாதி வானத்துல."

"எனக்கு அகத்தியர் நட்சத்திரம் தெரியுது. அது போதும்."

எங்கள் மணல் மேட்டிலிருந்து அகத்தியர் தரையோடு ஒட்டிக்கொண்டு சிவந்து நடுங்கிக்கொண்டிருந்தார். ஊரில் அவர் வெள்ளையாக நிமிர்ந்து நிற்பார். அம்மா என்னிடம் "சாப்ட்டியால?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள்.

வாத்தியார் காரில் டீ எடுக்கப் போனார். மகள் மணலில் உட்கார்ந்து, "இவ்வளவு மங்கலா இருக்கறதை வச்சா தூரம் சொல்றாங்க?" என்றாள். சீஃபீட் கதை, 1999 கதை, 2018 கதை எல்லாம் சொன்னேன். 'ஒத்துப்போகாத விடைகள்' என்ற இடத்துக்கு வந்தபோது, என்னை அறியாமல் 62,40,000 கதைக்குப் போய்விட்டேன். பதினோரு கிலோமீட்டர், தேதிக் கட்டம், கல்குழி, சார்ஜ் ஷீட், ஏன் நாம் ராஜஸ்தான் வந்தோம், எல்லாம். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்.

"அதுக்கப்புறமாவது அங்க போய்ப் பார்த்தீங்களா?"

"இல்லம்மா."

"பதினோரு கிலோமீட்டர்தானே?"

வாத்தியார் டீயோடு வந்துவிட்டார். திரும்பி வரும்போது அவள் பின் சீட்டில் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். ஜோத்பூர் விளக்குகள் தெரிய ஆரம்பித்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மே மாசம் ஆச்சி வீட்டுக்குப் போறப்போ ஒரு நாள் முன்னாடியே டிக்கெட் போடுங்க. வழியில இறங்கிப் பார்த்துட்டுப் போவோம்."

நேற்று ரிசர்வேஷன் திறந்தது. போட்டுவிட்டேன். வெயிட்டிங் லிஸ்ட் 14, 15, 16.